எதிலிருந்து எடுத்தீர்கள்? பழைய படப் பாடல்களை இசைத்தட்டாக மறுவெளியீடு செய்யும் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்த் திரைப்படப் பாடல்களை எல்.பி. தட்டுகளாகவும் சிறப்புப் பதிப்பு சி.டி.களாகவும் மறுபடி வெளியிடும் நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கு,

நான்கு மாதத்துக்கு முன் உங்களில் ஒருவர் வெளியிட்ட தட்டு ஒன்றை 3,900 ரூபாய் கொடுத்து வாங்கினேன். 1980களின் தொடக்கத்தில் வந்த ஒரு படத்தின் பாடல்கள். உறையின் மேல் பொன்னிற ஸ்டிக்கர் ஒன்று. ஒரிஜினல் மாஸ்டரிலிருந்து ரீமாஸ்டர் செய்யப்பட்டது, எடை 180 கிராம், லிமிடெட் எடிஷன் என்று அதில் அச்சிட்டிருந்தது. மாஸ்டர் என்றால் அன்று ஒலிப்பதிவுக் கூடத்தில் முடித்துவைத்த மூல நாடா; ரீமாஸ்டர் என்றால் அதிலிருந்து ஒலியைப் புதிதாகச் சீர்செய்து எடுப்பது. அந்தப் பாடல்கள் எல்லாமே ஒரிஜினல் மாஸ்டரிலிருந்து வந்தவை இல்லை. குறைந்தது ஒரு பாடலாவது, யாரோ வைத்திருந்த பழைய தட்டின் மேல் ஊசி வைத்து எடுத்தது. எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன்.

உங்களுக்கு மூன்று முறை எழுதிக் கேட்டேன். மூன்றாவது முறைதான் பதில் வந்தது. தயாரிப்பு முறை பற்றிய விவரங்களை வெளியிடுவதில்லை என்று ஒரே வரி. அடுத்த வாரமே அந்தத் தட்டின் இரண்டாம் அச்சு வருகிறது என்று அறிவிப்பும் வந்துவிட்டது, அதே ஸ்டிக்கருடன். அதனால்தான் எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைச் சொல்லவில்லை. என் கேள்வி உங்கள் எல்லோருக்கும் பொதுவானது.

முதலில் அந்தத் தட்டு. இரண்டாம் பக்கத்தின் முதல் பாட்டில், முதல் சரணம் முடிந்து இடையிசை வருகிறது. வயலின்கள் எல்லாம் ஒன்றாக மேலே ஏறி நின்று, ஒரு கணம் எல்லாம் அடங்கி, புல்லாங்குழல் தனியாக ஆரம்பிக்கும். அந்த அமைதியில் 'டிக்' என்று ஒரு சத்தம். கொஞ்சம் விட்டு இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. மூன்றோடு நின்றுவிடுகிறது. புதுத் தட்டில் கீறல் விழுந்துவிட்டதோ என்று விளக்கடியில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். கண்ணாடி மாதிரி இருந்தது. கோயம்புத்தூரில் இருக்கும் நண்பரும் அதே தட்டை வாங்கியிருந்தார். அவரைப் போடச் சொல்லித் தொலைபேசியில் கேட்டேன். அதே இடம், அதே மூன்று சத்தம்.

சரி, அச்சடிக்கும் வார்ப்பிலேயே ஏதாவது கோளாறு இருக்கலாம், அப்படி இருந்தால் எல்லாப் பிரதியிலும் வரும் என்று எண்ணினேன். நியாயமான சந்தேகம்தான். ஆனால் அதே மாதம் அதே ரீமாஸ்டர் பதிப்பை இணையத்திலும் ஏற்றியிருந்தீர்கள். அதற்கு வார்ப்பும் கிடையாது, ஊசியும் கிடையாது. அதிலும் அந்த இடத்தில் அந்த மூன்று சத்தமும் இருக்கின்றன. கணினியில் போட்டு அளந்தேன். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே சரியாக 1.8 நொடி. எல்.பி. தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்றுச் சுற்றும். ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் 1.8 நொடி. குறுக்கே விழுந்த ஒரு கீறலை ஊசி மூன்று சுற்றில் மூன்று முறை தாண்டியிருக்கிறது. மாஸ்டர் நாடாவில் இப்படி ஒரு சத்தம் வர வழியே இல்லை. என் வீட்டில் இருக்கும் 1980களின் தட்டில் அந்த இடம் சுத்தமாக இருக்கிறது. ஆகவே பாட்டிலேயே இருந்த சத்தமும் இல்லை.

அந்தச் சத்தத்தை மென்பொருள் கொண்டு பாதி மழுப்பியிருக்கிறீர்கள். அதுதான் என்னை இன்னும் வருத்துகிறது. மழுப்பும்போது புல்லாங்குழலின் முதல் ஊதலும் சேர்ந்து மழுங்கிவிட்டது. பழைய தட்டில் வாசிப்பவரின் உதடு துளையில் படுவதும் காற்று கிளம்புவதும் தெரியும். உங்கள் தட்டில் குழல் திடீரென்று நடுவிலிருந்து ஆரம்பிக்கிறது. அதே பாட்டில், சரணத்துக்கு முன் பாடகி மூச்சு இழுப்பது பழைய தட்டில் கேட்கும். புதிதில் அந்த மூச்சையும் இரைச்சல் என்று நினைத்துத் துடைத்துவிட்டார்கள். என் அம்மா நாடாவையும் தட்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர் இல்லை. அடுப்படியிலிருந்து கேட்டுவிட்டு, 'என்னடா, குரலுக்குப் போர்வை போத்தின மாதிரி இருக்கு' என்றார்.

இதையெல்லாம் கவனிக்கும் காது எனக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். என் அப்பா 1981 முதல் 1997 வரை திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ரெக்கார்டிங் சென்டர் வைத்திருந்தார். ஆறடிக்கு எட்டடி கடை. மூன்று பக்கச் சுவரிலும் தட்டுகள். கல்கத்தா டம்டம்மில் அச்சான ஹெச்.எம்.வி. தட்டுகள், இன்ரிகோ, எக்கோ நிறுவனங்களின் தட்டுகள் எல்லாம் இருக்கும். நோட்டுத் தாளில் பாட்டுப் பட்டியல் எழுதிக்கொண்டு ஆட்கள் வருவார்கள். அறுபது நிமிடக் கேசட்டா தொண்ணூறா என்று கேட்டு வாங்கி வைத்துவிட்டு, மூன்று நாள் கழித்து வரச் சொல்வார். துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் கிளம்புகிறவர்கள் என்றால் அன்று இரவே உட்கார்ந்து பதிந்து கொடுப்பார். உரிமை வாங்காமல் பதிந்து விற்றது தவறு என்று இன்று எனக்குத் தெரியும். ஊரெல்லாம் அப்படித்தான் நடந்தது என்பதைச் சமாதானமாகச் சொல்ல மாட்டேன்.

ஆனால் அப்பாவிடம் ஒரு வழக்கம் இருந்தது. சில பாடல்களுக்கு அவரிடம் தட்டு இருக்காது. வேறு கேசட்டிலிருந்துதான் பதிய வேண்டியிருக்கும். அப்படிப் பதிந்த பாட்டுக்குப் பக்கத்தில், கேசட்டின் உள் அட்டையில் சின்னதாகக் 'க' என்று எழுதுவார். தட்டிலிருந்து நேராகப் பதிந்ததற்குத் 'த'. முழுக்கக் 'க' என்றால் கூலியில் இரண்டு ரூபாய் குறைப்பார். 'தட்டு கிடைக்கும்போது சொல்றேன், கொண்டாங்க, மாத்திப் பதிஞ்சு தர்றேன்' என்பார். வாடிக்கையாளர்களில் பாதிப் பேருக்குக் காதில் வித்தியாசம் தெரியாது. அது அவருக்கும் தெரியும். அப்படியும் எழுதினார்.

ஆறடிக் கடையில் இருபது ரூபாய்க் கேசட்டுக்கு எழுதிக் கொடுக்க முடிந்த ஓர் எழுத்தை, 3,900 ரூபாய்த் தட்டின் உறையில் ஏன் எழுத முடியவில்லை? உரிமை உங்களிடம் இருக்கிறது. பழைய ஒப்பந்தங்கள், கிடங்கு, நாடாக்கள் எல்லாம் உங்களிடம் இருக்கின்றன. எங்களிடம் இருப்பது நீங்கள் ஒட்டும் ஸ்டிக்கரின் மேல் உள்ள நம்பிக்கை ஒன்றுதான்.

இந்தப் பழக்கம் உங்கள் தொழிலுக்குப் புதிதும் இல்லை. 1980களிலும் 90களிலும் வந்த பல சி.டி.களின் பின்பக்கம் மூன்று எழுத்து இருக்கும். ஏ.ஏ.டி., ஏ.டி.டி., டி.டி.டி. என்று. பதிவு, கலவை, மாஸ்டரிங் (வெளியிடுவதற்கு முந்தைய கடைசி ஒலிச் சீரமைப்பு) என்ற மூன்று கட்டத்தில் எது அனலாக், எது டிஜிட்டல் என்பதை அந்த மூன்று எழுத்து சொல்லிவிடும். பையன்களாக இருந்தபோது நாங்கள் அதைப் பார்த்துத்தான் சி.டி. வாங்கினோம். நியூயார்க்கிலிருந்து ஓரியண்டல் ரெக்கார்ட்ஸ் கொண்டுவந்த சி.டி.களையும், இங்கே பிரமிட் வெளியிட்டவற்றையும் சேகரிப்பவர்கள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். பழசு என்ற மோகம் மட்டும் அதற்குக் காரணம் இல்லை. நாடாவில் இருந்ததைப் பெரிதாக நோண்டாமல் அப்படியே சி.டி.க்கு மாற்றிய காலம் அது.

நோண்டுவது பற்றியும் சொல்ல வேண்டும். சென்ற ஆண்டு உங்களில் இன்னொருவரின் சி.டி. பெட்டி ஒன்று வாங்கினேன். கெட்டி அட்டை, பட்டு ரிப்பன், ஐந்து தட்டு. ஓர் ஆண் குரல் மெல்ல முனகலோடு தொடங்கி, சரணத்தில் முப்பது நாற்பது வயலின்கள் சேர்ந்து எழும் பாட்டு ஒன்று அதில் உண்டு. பெட்டியில் உள்ள பதிப்பில் முனகலும் வயலின்களும் ஒரே சத்தத்தில் இருக்கின்றன. கணினியில் அலைவரைபடத்தைப் பார்த்தேன். மேடும் பள்ளமுமாக இருக்க வேண்டியது, ரம்பத்தால் மேலும் கீழும் அறுத்த பலகை மாதிரி தட்டையாக இருந்தது. எல்லாவற்றையும் உச்சச் சத்தத்துக்கு ஏற்றி அமுக்கியிருக்கிறார்கள். சின்னதைச் சின்னதாகவும் பெரிதைப் பெரிதாகவும் காட்டக் கிட்டத்தட்ட 96 டெசிபல் இடம் சி.டி.யில் இருக்கிறது. அவ்வளவு பெரிய வீட்டில் ஒரே ஓர் அறையில் எல்லோரையும் அடைத்து வைத்த மாதிரி இருந்தது எனக்கு. இணையத்தில் கேட்கும் இடங்களில் எல்லாப் பாட்டின் சத்தத்தையும் அவர்களே ஓர் அளவுக்குக் கொண்டுவந்துவிடுகிறார்கள். அப்புறம் யாரோடு போட்டிபோட்டுச் சத்தத்தை ஏற்றுகிறீர்கள்?

அந்தப் பெட்டியில் ஒரு தட்டு இன்னும் மோசம். அதன் அதிர்வெண் படத்தைப் பார்த்தால், 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேலான கீச்சொலிகள் ஒன்றுமே இல்லை, கத்தியால் வெட்டியது போல. சி.டி. ஒலியை 44.1 கிலோஹெர்ட்ஸ் வேகத்தில் மாதிரி எடுத்துப் பதிவது. அதில் பாதி, அதாவது 22 கிலோஹெர்ட்ஸ் வரையான ஒலிக்கு அதில் இடம் உண்டு. பழைய பதிவில் அவ்வளவு மேலே இசை இருக்காமல் போகலாம், ஆனால் நாடாவின் இரைச்சலாவது மெல்லத் தேய்ந்துகொண்டே போகும். நேர்கோட்டில் வெட்டினாற்போல் நின்றால், அது 128 கிலோபிட்டுக்குச் சுருக்கிய எம்.பி.3 கோப்பாக இருந்து சி.டி.யான பாட்டு என்று நினைக்கத்தான் தோன்றும். என் பெண்ணின் பழைய பென் டிரைவில் இருக்கும் அதே பாட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டு படமும் ஒன்றுபோல இருந்தன.

உங்கள் பக்கத்து நியாயங்களும் எனக்குத் தெரியும். நாடாக்கள் கெட்டுப்போயிருக்கும். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் வந்த பல நாடாக்களில் பசை ஈரம் உறிஞ்சிப் பிசுபிசுத்து, ஓட்டும்போதே காந்தப் பூச்சு உரிந்து வந்துவிடும். அவற்றைக் குறைந்த சூட்டில் மணிக்கணக்காகச் சூடேற்றி, ஒன்றிரண்டு முறை மட்டும் ஓட்டி, அதற்குள் எடுத்துக்கொள்ள வேண்டும். சென்னை வெக்கையில், குளிர்சாதனம் இல்லாத கிடங்கில், நாற்பது வருடம் கிடந்த நாடா எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. சிலவற்றுக்கு நாடாவே இருக்காது. சிலவற்றின் உரிமை நீதிமன்றத்தில் இருக்கும். ஐந்நூறு, ஆயிரம் பிரதிகளுக்காக வெளிநாட்டில் அச்சடித்து, கப்பலில் கொண்டுவந்து, சுங்கம் கட்டி விற்க வேண்டும். விலை ஏறத்தான் செய்யும். விலையைப் பற்றி நான் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

நாடா கிடைக்கவில்லை என்றால் நல்ல தட்டு ஒன்றைத் தேடிப் பிடித்து, கழுவி, நல்ல ஊசியில் ஓட்டி எடுப்பது கேவலமான காரியமும் இல்லை. நூறாண்டுக்கு முந்தைய 78 ஆர்.பி.எம். தட்டுப் பாடல்களில் பெரும்பாலானவை நம் காதுக்கு அப்படித்தான் வந்து சேர்ந்திருக்கின்றன. அதைச் செய்துவிட்டு மாஸ்டர் என்று ஸ்டிக்கர் ஒட்டுவதைத்தான் ஏற்க முடியவில்லை.

அமெரிக்காவில் 2022-இல் நடந்ததை நீங்கள் அறிந்திருப்பீர்கள். மொபைல் ஃபிடிலிட்டி என்ற நிறுவனம் மறுவெளியீட்டுத் தட்டுகளுக்கு உலகப் புகழ் பெற்றது. ஒரிஜினல் மாஸ்டர் நாடாவிலிருந்து எடுக்கிறோம் என்பதுதான் அதன் விளம்பரமே. மைக்கேல் ஜாக்சனின் 'திரில்லர்' தொகுப்பை 40,000 பிரதி அச்சடிக்கப்போவதாக அவர்கள் அறிவித்தபோது, நாடாவை ஓட்டி அதிலிருந்து நேராகத் தட்டு வெட்டுவதாக அவர்கள் சொல்லும் முறைப்படி செய்தால் மாஸ்டர் நாடாவை எத்தனை முறை ஓட்ட வேண்டியிருக்கும், அதற்கு யார் அனுமதிப்பார்கள் என்று வாங்குகிறவர்கள் கணக்குப் போட்டுக் கேட்டார்கள். கடைசியில், நடுவே ஒரு டிஜிட்டல் கட்டம் பல ஆண்டுகளாகவே இருந்துவந்தது என்று அவர்களின் பொறியாளர்களே ஒப்புக்கொண்டார்கள். வாங்கியவர்கள் வழக்குப் போட்டார்கள். சுமார் 2.5 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. கவனியுங்கள், அந்தத் தட்டுகளின் ஒலி மோசம் என்று சொன்னவர்கள் மிகக் குறைவு. அந்த டிஜிட்டல் கட்டம் தரத்தில் உயர்ந்ததுதான். சொல்லாமல் மறைத்ததுதான் குற்றமானது. அதன் பிறகு ஒவ்வொரு தட்டும் எந்த வழியாக வந்தது என்று அந்த நிறுவனம் வெளிப்படையாகவே போட ஆரம்பித்தது. அதனால் வியாபாரம் படுத்துவிடவில்லை.

உங்களில் எல்லோரும் இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. மூன்று ஆண்டுக்கு முன் உங்களில் ஒரு நிறுவனம் வெளியிட்ட எழுபதுகளின் இறுதிப் படத் தட்டு ஒன்று இன்றைக்கும் என் மேசையில் இருக்கிறது. வாரம் ஒரு முறையாவது போடுகிறேன். அந்தப் பாட்டில் பேஸ் கிடார் தனியாக ஒரு மெட்டை எடுத்துக்கொண்டு நடக்கிறது என்பது நாற்பது வருடம் கேட்டும் எனக்குத் தெரியாமல் இருந்தது. கேசட்டிலும் வானொலியிலும் அது ஒரு 'தும் தும்' மட்டும்தான். அந்தத் தட்டில்தான் விரல் கம்பியில் நகர்வது வரை கேட்டேன். பாட்டு முடிந்து அப்படியே உட்கார்ந்திருந்தேன். அப்பா இருந்திருந்தால் எழுப்பிக் காட்டியிருப்பேன். மூன்று பேருக்கு அதே தட்டை வாங்கிப் பரிசாகக் கொடுத்திருக்கிறேன். அந்த உறையிலும் எதிலிருந்து எடுத்தது என்று இல்லை. நல்லதைச் செய்தவர்களும் சொல்லவில்லை, ஏமாற்றியவர்களும் சொல்லவில்லை என்றால் நாங்கள் எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

வேலைக்குப் போய் முதல் சம்பளத்தில் டர்ன்டேபிள் வாங்கும் பிள்ளைகள் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். எங்கள் தெருவில் இருந்து பெங்களூருக்கு வேலைக்குப் போன ஒரு பையன் போன மாதம் கேட்டான். 'அண்ணே, இந்த ரீஇஷ்யூ வாங்கலாமா? ஸ்பாட்டிஃபையில கேக்குறதுக்கும் இதுக்கும் நாலாயிரம் ரூபாய் வித்தியாசம் இருக்கா?' என்றான். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. 180 கிராம் என்பதற்காக வாங்காதே, கனத்துக்கும் ஒலிக்கும் நேரடியாகச் சம்பந்தம் இல்லை என்று சொல்ல முடிந்தது. ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் வெகுவாகத் திணித்திருந்தால் யோசி, கோடுகள் நெருங்கிச் சத்தம் தாழ்ந்துவிடும் என்று சொல்ல முடிந்தது. பழைய மோனோ பாட்டை ஸ்டீரியோ என்று போட்டிருந்தால் தொடாதே என்றும் சொன்னேன். தமிழ்ப் படப் பாடல்கள் ஸ்டீரியோவில் பதிவாகத் தொடங்கியதே 1978-இல் வந்த 'ப்ரியா'விலிருந்துதான் என்பார்கள். அதற்கு முந்தையதை இரண்டாகப் பிளந்து இடம் வலம் என்று பிரித்தால் குரல் நடுக்கிணற்றில் விழுந்துவிடும். ஆனால் இவை எல்லாவற்றையும் விடப் பெரிய கேள்வி, அந்தப் பாட்டு எதிலிருந்து வந்தது என்பது. நல்ல நாடாவிலிருந்து பொறுமையாக எடுத்திருந்தால் சாதாரணச் சி.டி.யே போதும், காசுக்குத் தகும். எம்.பி.3-யிலிருந்து எடுத்திருந்தால் தங்கத்தில் தட்டு அடித்தாலும் தகாது. அந்த ஒரு விவரம் உங்களிடம்தான் இருக்கிறது.

மக்களுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது என்று உங்கள் அலுவலகத்தில் யாராவது சொன்னால், 2012-ஐ நினைவுபடுத்துங்கள். 1964-இல் வந்த 'கர்ணன்' படத்தின் காட்சியையும் ஒலியையும் சரிசெய்து திரையரங்குக்குக் கொண்டுவந்தார்கள். நூறு நாளைத் தாண்டி ஓடியது. தொலைக்காட்சியில் எத்தனையோ முறை இலவசமாகப் பார்த்த படத்துக்குத்தான் டிக்கெட் எடுத்துக் கூட்டம் வந்தது. அக்கறையோடு செய்தால் எங்களுக்குத் தெரியும்.

உறையைப் பற்றியும் ஒன்று. 3,900 ரூபாய்த் தட்டின் உறை, கேசட் அட்டையை ஸ்கேன் செய்து பெரிதாக்கியது. நாயகியின் முகம் புள்ளி புள்ளியாகச் சிதறிக் கிடக்கிறது. ஒரு மூலையில், பழைய அட்டையில் யாரோ பால்பாயின்ட் பேனாவால் போட்ட விலையின் சுவடுகூட அழியாமல் இருக்கிறது. பின்பக்கம் எந்தப் பாட்டை யார் எழுதினார் என்று இல்லை. பாடல்கள் இரண்டு கவிஞர்கள் எழுதியவை, இரண்டு பேரையும் சேர்த்து மேலே ஒரு வரியில் போட்டுவிட்டார்கள். பழைய தட்டிலேயே ஒவ்வொரு பாட்டுக்கும் கவிஞர் பெயர் தனித்தனியாக இருந்தது. வாசித்தவர்கள் பெயர் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. ஏ.ஆர். ரஹ்மானின் தொகுப்புகள் வந்த பிறகுதான் உள் அட்டையில் குழல் யார், கிடார் யார், பதிவுப் பொறியாளர் யார் என்று படித்துத் தெரிந்துகொள்ளும் பழக்கம் எங்களுக்கு வந்தது. அதற்கு முன் வாசித்தவர்களில் பலர் இன்னும் சென்னையில்தான் இருக்கிறார்கள். வயதாகிக்கொண்டே போகிறது. அன்று ஒரு கால்ஷீட்டுக்குக் கூலி வாங்கிக்கொண்டு போனவர்களின் பெயரைச் சேர்க்க, மறுவெளியீட்டை விட நல்ல சந்தர்ப்பம் வேறு எப்போது வரும்?

ஆகவே உங்களிடம் கேட்பது இதுதான்.

இனி வெளியிடும் ஒவ்வொரு தட்டிலும் சி.டி.யிலும், பாட்டுக்குப் பாட்டு, எதிலிருந்து எடுத்தது என்று உறையிலேயே அச்சிடுங்கள். மாஸ்டர் நாடாவா, நாடாவின் நகலா, பழைய தட்டா, கேசட்டா, முன்பு வந்த சி.டி.யா. ஒரு வரி போதும். டிஜிட்டலாக மாற்றியிருந்தால் எத்தனை பிட், எத்தனை கிலோஹெர்ட்ஸ் என்பதையும், மாஸ்டரிங் செய்தவர் பெயரையும், செய்த ஆண்டையும் சேருங்கள். அந்தப் பெயரைப் போட்டாலே வேலை பாதி ஒழுங்காகிவிடும் என்று நம்புகிறேன்.

நாடா கிடைக்காத பாடல்களுக்கு, கிடைக்கவில்லை என்று எழுதுங்கள். நாங்கள் அதற்காக வாங்காமல் போக மாட்டோம். ஏற்கெனவே விற்றவற்றில் ஸ்டிக்கரில் சொன்னதும் உள்ளே இருப்பதும் வேறாக இருந்தால், வாங்கியவர்களுக்கு அதைத் தெரிவித்து, விரும்புகிறவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். எனக்குப் பணம் வேண்டாம். அந்த 1.8 நொடிக் கேள்விக்கு எழுத்தில் பதில் வேண்டும்.

அமுக்காத, சத்தம் ஏற்றாத பதிப்பைத் தட்டு வாங்குகிறவர்களுக்காவது கொடுங்கள். இரைச்சலைத் துடைக்கும்போது மூச்சைத் துடைக்காதீர்கள். இரைச்சலோடு கேட்க நாங்கள் தயாராக இருக்கிறோம்.

கவிஞர்களின் பெயரைப் பாட்டுக்குப் பாட்டு போடுங்கள். வாசித்த கலைஞர்களில் உயிரோடு இருப்பவர்களைத் தேடிப் போய்க் கேட்டு அவர்கள் பெயரையும் சேருங்கள். இது அடுத்த ஆண்டு, அதற்கடுத்த ஆண்டு என்று தள்ளிப்போட முடியாத வேலை.

கடைசியாக, அறிவித்திருக்கும் இரண்டாம் அச்சை நிறுத்தி வையுங்கள். அந்தப் படத்தின் பழைய தட்டு என் அப்பாவின் கடையிலிருந்து வந்தது, என்னிடம் இருக்கிறது. அதை அவர் கேசட்டுக்குப் பதியும்போது மட்டுமே எடுப்பார். ஒவ்வொரு முறையும் நனைத்துப் பிழிந்த பழைய வேட்டித் துணியால் துடைத்து, காய்ந்த பிறகுதான் ஊசி வைப்பார். அந்தப் புல்லாங்குழல் இடத்தில் ஒரு கீறல் கிடையாது. உங்களிடம் நாடா இல்லை என்றால் இந்தத் தட்டைத் தருகிறேன். நானே சென்னைக்குக் கொண்டுவருகிறேன், பதிந்துகொண்டு திருப்பிக் கொடுத்தால் போதும், காசு எதுவும் வேண்டாம். உறையில் தட்டிலிருந்து எடுத்தது என்று போட வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. உங்கள் பதிலுக்காக இந்த மாதக் கடைசி வரை காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
திண்டுக்கல்லில் ரெக்கார்டிங் சென்டர் வைத்திருந்தவரின் மகன்